யார் தலையில் எவ்வளவு புகை

சுகி (கிளிநொச்சி): நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் விவாதம். "பச்சைவீட்டு வாயுவைக் கூடுதலாக விடும் நாடே கூடுதலாகக் குறைக்க வேண்டும்." பூமியைச் சூடாக்கும் வாயுக்கள்தான் அவை. நான் ஆதரிக்கும் அணி. சீனாவைப் பிடித்தால் போதும்தானே? 2023இல் உலகம் விட்டது ஏறக்குறைய 5,300 கோடி தொன். 30 வீதம் சீனா, 11 அமெரிக்கா, 8 இந்தியா.

கண்ணன் மாமா (டொரன்டோ): எதிரணி முதல் நிமிடத்திலேயே மடக்கிவிடும். சீனாவில் 140 கோடிச் சனம். ஆளுக்குப் பிரித்துப் பார். காபனீரொட்சைட்டு மட்டும் எடுத்தால் சீனாவில் தலைக்கு வருடத்துக்கு 8 தொன் மட்டில், அமெரிக்காவில் 14, இந்தியாவில் 2. எங்கள் இலங்கையில் 1 வந்தாலே பெரிய விசயம்.

சுகி: கனடா?

கண்ணன் மாமா: அதுவும் 14 மட்டில்தான் 🙈

வாசுகி அக்கா (லண்டன்): 😂 அதை மட்டும் மாமா சொல்லவில்லை, பார்த்தீர்களா!

கண்ணன் மாமா: மார்கழியில் இங்கே வந்து வீட்டைச் சூடாக்காமல் இருந்து பார், பிறகு கதை. ஆனால் குளிரை மட்டும் சாட்டவும் ஏலாது. அல்பேட்டாவில் எண்ணெய் எடுப்பதிலேயே கனக்கப் போகிறது.

ரூபன் அண்ணா (கட்டார்): அப்போ வகுப்பில் முதலாம் பிள்ளை நான்தான். இங்கே தலைக்கு 35 தொன்னுக்கு மேல். நாங்கள் ஓர் அறையில் ஆறு பேர் படுத்தெழும்பி, கம்பனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறோம். எரிவாயுவைக் குளிராக்கித் திரவமாக்கும் ஆலைகளின் புகையையும் எங்கள் தலைகளால்தான் வகுக்கிறார்கள். அந்த வாயுவை வாங்குகிற நாட்டுக்கு இந்தப் பங்கு போகாது.

வாசுகி அக்கா: இங்கே அதன் மறுபக்கம். பிரித்தானியா 5 தொன்னுக்குக் கீழே. கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டெம்பரில் மூடினார்கள், அது மெய்யான குறைப்புத்தான். ஆனால் வீட்டில் உள்ள ரீவி, பிள்ளையின் விளையாட்டுச் சாமான் எல்லாம் சீனாவில் செய்தவை. அந்தப் புகை சீனாவின் பெயரில். வாங்குகிறவர் கணக்கில் எழுதினால் எங்கள் தொகை ஏறும், சீனாவினது இறங்கும்.

பெரியம்மா (முரசுமோட்டை): வயலுக்குள்ளும் வாயு வருகிறதாமே? போதனாசிரியர் சொன்னார்.

சுகி: ஓம் பெரியம்மா, மெதேன். தண்ணீர் நிற்கிற சேற்றுக்குள் ஒட்சிசன் போகாது. அங்கே உள்ள நுண்ணுயிர்கள் அழுகின வைக்கோலைத் தின்று மெதேனை விடும். 100 வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும். ஓட்டை போட்ட குழாயை வயலில் நட்டு அதற்குள் பார்த்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கின பிறகு பாய்ச்சினால் மெதேன் நன்றாகக் குறையும்.

பெரியம்மா: நல்ல கதை. சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறைக்குத்தான் வரும். நான் காயவிட்டுக்கொண்டிருக்க, முறை பிந்தினால் பயிரை யார் பார்ப்பது? வந்த தண்ணீரைக் கட்டி வைக்கத்தான் எவரும் பார்ப்பார்கள். காலபோகத்தில் மழை எங்களைக் கேட்டா பெய்கிறது? தண்ணீர் வற்றினால் புல்லும் எழும்பும். அதற்கு மருந்தடிக்கக் காசை உலகமா தரும்?

ரூபன் அண்ணா: பெரியம்மாவின் வயல் வாயுவில் கொஞ்சம் என் கணக்கிலும் எழுதவேண்டும். அனுப்பின அரிசிமா முழுக்க இங்கே புட்டாகிவிட்டது 😄

சுகி: ஐயோ, இப்போது நான் எந்த நாட்டைப் பிடிப்பது?

கண்ணன் மாமா: அமெரிக்காவைப் பிடி. மொத்தத்தில் இரண்டாவது. தலைக்குப் பார்த்தால் சீனாவைவிட அதிகம். காபனீரொட்சைட்டு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் நிற்கும், அதனால் பழைய கணக்கையும் கேட்பார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவால் இதுவரை வந்ததில் கால்வாசிக்குக் கிட்ட அமெரிக்கா, சீனா 15 வீதம் மட்டில். எந்தக் கணக்கை எதிரணி தூக்கினாலும் உனக்கு மறுமொழி இருக்கும். இன்னொன்று, நீ சொன்ன 5,300 கோடி எல்லா வாயுவும் சேர்ந்தது, நான் தந்த தலைக்கணக்கு காபனீரொட்சைட்டு மட்டும். இரண்டையும் கலந்து பேசாதே, நடுவர் பிடிப்பார்.

சுகி: சரி மாமா, எழுதிவிட்டேன். நேரம் போதாது, கட்டாரை வெட்டப் போகிறேன்.

ரூபன் அண்ணா: கனடாவை வெட்டு. மாமாவுக்கும் சந்தோசம்.