பனிக்குடத் தண்ணீர் பச்சையாக இருந்தவர்கள் யாராவது?

33 வாரம். ராத்திரி 2 மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி பச்சை. “குழந்தை உள்ளேயே மலம் போயிருச்சும்மா” என்றார்கள். நீர் அதிகம் என்று ஸ்கேனில் ஏற்கனவே இருந்தது. அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பிறந்தான், நன்றாகவே அழுதான். சிஸ்டர் வயிற்றுக்குக் குழாய் விட்டு சிரிஞ்சை இழுத்தார். நிறைந்தது. இன்னொன்று, அதுவும் நிறைந்தது. அப்படியே கொத்தமல்லிச் சட்னி. எக்ஸ்ரே எடுத்தார்கள்; சிறுகுடல் மேல்பக்கத்திலேயே அடைபட்டிருந்தது. அந்தப் பச்சை மலமே இல்லையாம், உள்ளேயே அவன் எடுத்த பித்த வாந்தி. மறுநாள் ஆபரேஷன். இப்போது நாலு வயது, இட்லிக்குச் சட்னி கேட்கிறான். அரைக்கும்போது எனக்குத்தான் கை நின்றுவிடுகிறது.

— எங்களுக்குத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நாலாம் நாள் வீட்டில் பச்சை வாந்தி. அம்மா ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஆட்டோவில் போகும்போது என் வெள்ளைத் துண்டில் இன்னொரு தடவை எடுத்தாள். டாக்டர் குழந்தையைக்கூட அப்புறம்தான் பார்த்தார், முதலில் அந்தத் துண்டைத்தான் வாங்கி விரித்தார். குடல் முறுக்கு.

— ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? எனக்கு 41 வாரம், தண்ணீர் பச்சை, குழந்தைக்கு ஒன்றுமே ஆகவில்லை. முதல் பதிவு போட்டவர் தூக்கத்தைக் கெடுக்கிறார். மாசமாக இருப்பவர்கள் இதையெல்லாம் படிக்காதீர்கள். சாயங்காலம் அரை மணி நேரம் நடங்கள், இடது பக்கம் சாய்ந்து படுங்கள், பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள், நிறைய மோர் குடியுங்கள், மாமியார் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுங்கள்.

— மோர் குடித்தால் குடல் அடைப்பு வராதா, அக்கா? பிரசவ வார்டில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். நாள் கடந்த பிரசவத்தில் பச்சைத் தண்ணீர் சகஜம், பெரும்பாலும் காட்டுப்பீதான், அதாவது குழந்தையின் முதல் மலம். அதற்கும் மூச்சைக் கவனிக்க வேண்டும், அது வேறு கதை. குறைமாதத்தில் அது அபூர்வம்; பச்சையைப் பார்த்தால் கிருமித்தொற்றா, குடல் அடைப்பா என்று யோசிக்க வேண்டும். உங்கள் 41-ஐயும் அவர் 33-ஐயும் ஒன்றாக வைக்காதீர்கள். துண்டைக் கொண்டுபோன அப்பா, நல்ல காரியம் செய்தீர்கள். பலர் துவைத்துவிட்டு வந்து “மஞ்சளா இருந்துச்சு சிஸ்டர்” என்பார்கள்.

— துவைக்க நேரமில்லை, அவ்வளவுதான் சிஸ்டர்.