5ஆம் வகுப்புச் சுற்றுலா: விளையாட்டுப் பண்ணைக்கா, வேலை நடக்கும் விளைக்கா?

நாகர்கோவில் தாய்:
என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து பிப்ரவரி மாதச் சுற்றுலாவுக்கான சுற்றறிக்கை வந்திருக்கிறது. 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் 48 பேரைக் குலசேகரத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள ஒரு பண்ணைக்கு ஒரு நாள் அழைத்துச் செல்கிறார்கள். கயிற்றுப் பாலம், கம்பியில் தொங்கியபடி செல்லும் விளையாட்டு, சேற்றில் நாற்று நடுதல், டிராக்டர் சவாரி, ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுச் செயல்விளக்கம், குளத்தில் குளியல், மதிய உணவு எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 900 ரூபாய். பெற்றோரில் பாதிப் பேர் இது வீண்செலவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுக்குமாடி வீட்டில் வளரும் என் மகள் மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை)த் தட்டில்தான் பார்த்திருக்கிறாள். அதன் கம்பை நறுக்கி நட்டால்தான் அடுத்த கிழங்கு விளையும் என்று நான் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. தங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

குலசேகரம் விவசாயி:
சகோதரி, தங்கள் மகள் மண்ணைத் தொட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள பால்வெட்டுச் செயல்விளக்கம் என்னை வருத்துகிறது. பிள்ளைகள் நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்து, சிற்றுண்டி முடித்து, மரத்தடிக்கு வரும்போது மணி 11 ஆகிவிடும். உண்மையான வெட்டு விடியலுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தொடங்குவது. ஏனென்றால் வெயில் ஏற ஏறப் பட்டைக்குள் இருக்கும் பாலின் அழுத்தம் குறைந்து, ஒழுக்கும் குறைந்துவிடும். வெட்டுகிறவர் இடமிருந்து வலமாகச் சரிவாகக் கத்தியை இழுத்து, மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுப்பார். கத்தி ஒரு நூல் ஆழம் கூடிப்போனாலும் உள்ளிருந்து புதுப் பட்டையை உண்டாக்கும் வளர்தோல் காயப்பட்டு, மறுபட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வெட்ட முடியாது. எடுத்த பால் மரத்தில் மறுபடி ஊற வேண்டும் என்பதால்தான் ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாளோ, அதைவிட இடைவெளி விட்டோ வெட்டுகிறோம். வேடிக்கைக்காக நண்பகலில் ஒரு மரத்தைக் கீறிக் காட்டினால், பால் எப்போது வேண்டுமானாலும் குழாய்த் தண்ணீர் போல வரும் என்றுதான் பிள்ளைகள் எண்ணுவார்கள். 900 ரூபாய் கொடுத்துத் தவறான ஒன்றைக் கற்க வேண்டுமா? கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் வேலை நடக்கிற விளைகள், அதாவது தோட்டங்கள், எத்தனையோ இருக்கின்றன. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் இலவசமாகவே காட்டுவார்கள்.

தக்கலை ஆசிரியர்:
ஐயா, அந்த இலவசத்தை நம்பிப் போய் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் அப்போது பணியாற்றிய பள்ளியின் பிள்ளைகளை ஒரு தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். உரிமையாளர் அன்போடு வரவேற்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஆனால் 20 பெண்பிள்ளைகளுக்கு அங்கே ஒரே ஒரு கழிப்பறைதான் இருந்தது, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமி திரும்பும் வழியில் பேருந்தில் அழுதுவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த முகம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. கட்டணம் வாங்கும் பண்ணையில் கழிப்பறையும் முதலுதவியும் ஒதுங்கக் கூரையும் இருக்கும், தவறு நேர்ந்தால் கேள்வி கேட்க ஓர் ஆளும் இருப்பார். ஒரு வகுப்புக்குப் பொறுப்பேற்று அழைத்துச் செல்கிறவருக்கு இவை சிறிய காரியங்கள் அல்ல.

தேங்காப்பட்டணம் தந்தை:
ஒரே பள்ளியில் இரண்டு பிள்ளைகள் படிக்கும் எங்களைப் போன்ற வீடுகளில் இப்படி ஒவ்வொரு வகுப்புச் சுற்றுலாவுக்கும் பணம் கட்டுவது எளிதன்று. பணம் கட்ட முடியாத பிள்ளை அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டியிருந்தால், அந்தச் சுற்றுலாவே நடக்க வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்று, குளம். கடலோரத்தில் பிறந்தவன் என்பதால் சொல்கிறேன்: 48 பிள்ளைகளை ஒரே நேரத்தில் தண்ணீரில் இறக்கிவிட்டு, கரையில் நான்கு ஆசிரியர்கள் நின்று பார்த்துக்கொண்டால் போதும் என்று எண்ணுவது ஆபத்து. மூழ்கும் பிள்ளை கூச்சலிடாது.

குலசேகரம் விவசாயி:
ஆசிரியர் சொன்ன கழிப்பறைக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. என்றாலும் 11 மணிக்கும் உண்மையான வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதைக் காட்டலாமே. சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் கொண்டுவந்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டங்களில் ஊற்றி, உறைவதற்கு ஆசிட் சேர்க்கும் நேரம் ஏறக்குறைய அதுதான். முந்தைய நாள் உறைந்ததை எடுத்து உருளையில் அழுத்தி ஷீட் ஆக்கும்போது வெண்ணிறத் தண்ணீர் பிழிந்து ஓடும். பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர் என்பதை அந்தத் தண்ணீரைப் பார்க்கும் பிள்ளை தானே புரிந்துகொள்வாள்.

பிப்ரவரியில் வருகிறார்கள் என்றால் தேன்பெட்டிகளையும் காட்டலாம். இலையுதிர்ந்த ரப்பர் மரங்கள் தளிர்விடும் காலம் அது. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இளம் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்துதான் தேனீ அதை எடுக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களிலும் பலர் இதை அறியமாட்டார்கள். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) பரப்பிய பெட்டித் தேனீ வளர்ப்பு இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தேனீயின் இளம் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோயால் பெட்டிகள் கூட்டம் கூட்டமாகக் காலியானபோது அந்தக் குடும்பங்கள் பட்ட பாடும் கொஞ்சமன்று. அதில் மீண்டு வந்த ஒருவரைப் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசச் சொன்னால், அதற்கு ஈடாகும் டிராக்டர் சவாரி எதுவும் இல்லை.

நாகர்கோவில் தாய்:
தாங்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் என் மகள் பார்க்க வேண்டும் என்று இப்போது ஆசையாக இருக்கிறது. ஆனாலும் கயிற்றுப் பாலத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மாடிப்படியில்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கும் பிள்ளை அவள். தோழிகள் கூப்பிட, கால் நடுங்க நடுங்க அவள் அந்தப் பாலத்தைக் கடந்தால், அன்றைக்கு அவள் எதையும் கற்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? தேன்பெட்டியைப் பொறுத்தவரை, கொட்டினால் உடல் வீங்கி மூச்சுத் திணறும் பிள்ளைகளும் உண்டு. பெற்றோரிடம் முன்கூட்டியே எழுதி வாங்காமல் அதன் அருகே அழைத்துச் செல்லக் கூடாது.

தக்கலை ஆசிரியர்:
அம்மா, அதை நானும் வலியுறுத்துகிறேன். பெற்றோர் கூட்டத்தில் இன்னும் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள்: குளத்தின் ஆழம், ஒரே நேரத்தில் இறங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, கம்பி விளையாட்டின் இடுப்புப் பட்டையைக் கடைசியாகச் சோதித்த நாள், பணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்கான ஏற்பாடு. பேருந்து இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டத்தின் வடக்கஞ்சேரியில் இரவில் சென்ற பள்ளிச் சுற்றுலாப் பேருந்து ஓர் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதி 9 பேர் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்கமாட்டோம். அன்று முதல் மாலை 5 மணிக்கு மேல் ஆகும் எந்தப் பயணத் திட்டத்திலும் நான் கையெழுத்திடுவதில்லை.

தேங்காப்பட்டணம் தந்தை:
குளியலை எடுத்துவிட்டுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். குறைத்தால் என் பிள்ளையையும் அனுப்புகிறேன்.

குலசேகரம் விவசாயி:
நல்லது. பண்ணைக்கே போகட்டும், பாலத்திலும் ஏறட்டும். அந்த 11 மணி வெட்டை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஷீட் அடிப்பதைப் பார்க்க வருவதாக இருந்தால், முந்தைய நாள் பாலைத் தட்டத்தில் உறைய வைத்து, என் புரையில் (கொட்டகையில்) தயாராக வைத்திருக்கிறேன். குலசேகரம் சாலையிலிருந்து நடக்கும் தொலைவுதான்.