'அபராஜிதோ'வின் காசி: குறைந்த செலவில் போய் அதே சட்டகங்களை மறுபடி எடுக்க வழி?

கேட்டவர்: ஒற்றைப்பை

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில் வரும் காசிக் காட்சிகளை, கேமரா நின்ற அதே இடத்தில் நின்று கறுப்பு வெள்ளையில் மறுபடி எடுக்க வேண்டும். சென்னையிலிருந்து தனியாகப் போகிறேன். காசியில் ஐந்து இரவு. ஸ்லீப்பர் டிக்கெட், சத்திரமோ மடமோ எதுவானாலும் சரி. ஒரு ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) டிஜிட்டல் கேமரா, 35, 50 மி.மீ. லென்ஸ்கள், பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் ஒன்று, அதற்கு ஹெச்பி5 (ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை ஃபிலிம்) நாலு ரோல் கொண்டுபோகிறேன்.

எந்த மாதம் சரி, எந்த ஸ்டேஷனில் இறங்குவது? கதைநாயகச் சிறுவன் அபுவின் குடும்பம் குடியிருக்கும் அந்த முற்றத்து வீடு எந்தச் சந்தில் இருக்கிறது? கேமரா நின்ற இடத்தை ஒரு அடி இரண்டு அடி பிசகாமல் கண்டுபிடிக்க என்ன வழி? ஃபிலிமை அங்கேயே கழுவலாமா, ஊருக்கு வந்து கழுவுவதா?

பதில்: படித்துறை

முதலில் வீடு. அதைத் தேடி ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்காதீர்கள், அது காசியிலேயே இல்லை. கல்கத்தா ஸ்டூடியோவில் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா போட்ட செட் அது. மூன்று பக்கம் உயர்ந்த சுவர், மேலே திறந்த வானம், உள்ளே நிழலே விழாத ஒரு வெளிச்சம். ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் அப்படி வராது. அதனால் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பி இறக்கினார். இன்று எல்லோரும் பவுன்ஸ் லைட்டிங் என்று சொல்கிறோமே, அதுதான். அந்த வெளிச்சம் வேண்டுமென்றால் காசிச் சந்துகளில் முற்றம் வைத்த பழைய வீடு எதுவானாலும் போதும். வெயில் முற்றத்துத் தரையைத் தொடாமல் எதிர்ச்சுவரின் மேல்பாதியில் மட்டும் அடிக்கும் நேரத்தில் எடுங்கள். சுவரே துணியின் வேலையைச் செய்துவிடும். சுவர் அழுக்காக இருந்தால் ஒரு எட்டு முழ வேட்டியைக் கைப்பிடிச் சுவரில் விரித்துவிடுங்கள், முகத்தில் வித்தியாசம் தெரியும்.

மாதம்: மார்ச் முதல் இரண்டு வாரம். 1956 மார்ச்சில்தான் அங்கே படம்பிடித்தார்கள். காரணம் வெறும் பக்தி அல்ல. அதே தேதிக்குப் போனால் சூரியன் அதே உயரத்தில் இருக்கும், தூணின் நிழல் அதே படியில் விழும். கங்கையும் அப்போது வற்றி இறங்கியிருப்பதால் படிகள் அடிவரை தெரியும். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் படியே இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். டிசம்பர், ஜனவரி மூடுபனி படத்துக்கு அழகு, ஆனால் ரயில் எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் தாமதமாகும், எதிர்க்கரையும் மறைந்துவிடும். ஹோலி மார்ச்சில் வந்தால் அன்று கேமராவை வெளியே எடுக்காதீர்கள், வண்ணப்பொடி லென்ஸ் வளையத்துக்குள் போனால் சர்வீஸ்தான்.

இடங்களில் சௌசட்டி கட்டத்துக்கு (கட்டம் என்றால் படித்துறை) முதல் இரண்டு காலைகளை ஒதுக்குங்கள். அங்கிருந்து வடக்கே நடந்தால் ராணா மகால், தர்பங்கா, முன்ஷி, அகல்யாபாய், பிறகு தசாஸ்வமேதம். கல் படிகளும் எண்கோண மேடைகளும் இந்த வரிசையில் அதிகம் மாறவில்லை. தசாஸ்வமேதம் நன்றாகவே மாறிவிட்டது: ஆரத்தி மேடை, கம்பங்கள், விளக்குகள். விசுவநாதர் கோயிலைச் சுற்றி 2021 டிசம்பரில் திறந்த வளாகத்துக்காக லலிதா கட்டம் வரை பழைய சந்துகள் பல எடுக்கப்பட்டுவிட்டன, அந்தப் பக்கம் ஒப்பிட எதுவும் கிடைக்காது. குரங்குகளின் காட்சிக்கு துர்கா குண்டத்துக் கோயில். அங்கே பையில் வாழைப்பழம், பிஸ்கட் எதுவும் இருக்கக்கூடாது, பையோடு போய்விடும்.

பதில்: சைடு லோயர்

ரயிலை மட்டும் சொல்கிறேன். காசியைச் சுற்றி ஸ்டேஷன்கள் பல, பெயர் குழப்பும். வாரணாசி ஜங்ஷன் ஒன்று, பனாரஸ் என்பது வேறு (பழைய மண்டுவாடி), வாரணாசி சிட்டி வேறு, காசி என்றே ஒரு சின்ன ஸ்டேஷன் தனியாக. கங்கைக்கு மறுபக்கம் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டரில் தீன் தயாள் உபாத்யாயா, அதாவது பழைய முகல்சராய். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். நேர் ரயிலில் இடம் இல்லையென்றால் தீன் தயாள் வரை தேடுங்கள், ஹவுரா–டெல்லி தடத்து ரயில்கள் பல அங்கே நிற்கும்.

உங்களுக்கு அங்கே இறங்குவதில் ஒரு லாபமும் இருக்கிறது. படம் எப்படித் தொடங்குகிறது? ரயில் பாலத்தில் போகிறது, இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன, அவற்றுக்கு நடுவே காசியின் கரை. 1887-இல் டஃபரின் பாலம் என்று திறந்து, இன்று மாளவியா பாலம் என்று வழங்கும் பாலம் அது. மேலே சாலை, கீழே ரயில். தீன் தயாளிலிருந்து வாரணாசி போகும் ரயில் அதில்தான் கங்கையைக் கடக்கும். இடப்பக்கச் சன்னலில் உட்காருங்கள், படித்துறைகள் அந்தப் பக்கம். காலையில் கடந்தால் வெயில் நேராகக் கரை மேல் விழும். ஏசி பெட்டியின் கண்ணாடி திறக்காது, நிறமும் ஏறியிருக்கும். ஸ்லீப்பரிலும் பொதுப்பெட்டியிலும் வெறும் கம்பி, லென்ஸ் முகப்பைக் கம்பிகளுக்கு நடுவே ஒட்டி வைத்தால் கம்பி தெரியாது. வாசற்படியில் தொங்கி எடுக்க வேண்டாம், பாலத்தின் சட்டம் கை நீட்டும் தூரத்தில் வரும்.

தங்குவதற்கு: கோதௌலியா அருகே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் (1863-இல் ஏற்பட்டது), கேதார கட்டத்தில் குமரகுருபரர் வழிவந்த மடம், அனுமன் கட்டத்துத் தமிழ்த் தெரு. எதுவானாலும் போனில் கேட்டு உறுதி செய்துவிட்டுப் புறப்படுங்கள், திருவிழா நாளில் வாசலில் போய் நின்று பயனில்லை. இரவு எத்தனை மணிக்குக் கதவடைப்பார்கள் என்பதைவிடக் காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேளுங்கள். ஐந்தேகாலுக்கு வெளியே வர முடியாத இடம் உங்களுக்கு உதவாது. கேதாரத்திலிருந்து சௌசட்டிக்குப் படித்துறை வழியாகவே பத்து நிமிடம்தான், ஆட்டோ செலவே இல்லை.

படகுக்கு ஏறும் முன்பே பேசிவிடுங்கள்: ஆள் கணக்கா, மொத்தப் படகா, எத்தனை மணி நேரம். துடுப்புப் படகு கேளுங்கள். மோட்டார் படகு அதிரும், மெதுவான ஷட்டரில் படம் கெடும்.

பதில்: மஞ்சள் ஃபில்டர்

கேமரா நின்ற இடம் பற்றி. முதலில் படத்தின் எந்தப் பிரதியிலிருந்து ஒப்பிடுவதற்கான ஸ்டில் எடுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் லேப் தீ விபத்தில் சேதமாயின. மிஞ்சியவற்றை இத்தாலியின் போலோன்யாவில் பக்குவப்படுத்தி, 2015-இல் 4கே பதிப்பு வந்தது. அதிலிருந்து எடுங்கள். டிவியில் ஓடிய பழைய பிரதிகளில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், ஓரம் போனால் கணக்கே போச்சு.

சட்டகத்தின் கணக்கு உங்களுக்குச் சாதகம். அந்தக் காலத்து 35 மி.மீ. சினிமா கேமராவின் சட்டகம் சுமார் 22க்கு 16 மி.மீ. உங்கள் ஏபிஎஸ்-சி சென்சாரில் 4:3 வைத்தால் ஏறக்குறைய 21க்கு 15.6. அதாவது சினிமாவில் 50 லென்ஸ் பார்த்ததை உங்கள் 50-உம் ஏறத்தாழ அப்படியே பார்க்கும். கேமராவில் 4:3, மோனோக்ரோம் இரண்டையும் வைத்து ரா (raw) கோப்பாகப் பதியுங்கள். ஃபிலிம் எஸ்எல்ஆரில் அதே கோணத்துக்கு 75, 85 தேவைப்படும், அதனால் ஒப்பீட்டு வேலையை டிஜிட்டலுக்கே விடுங்கள்.

நின்ற இடம் பிடிக்க வரிசை முக்கியம். ஸ்டில்லில் அசையாத இரண்டு பொருள் தேர்ந்தெடுங்கள், ஒன்று கிட்டே, ஒன்று தூரத்தில். மேடையின் விளிம்பும் பின்னால் கோபுர உச்சியும் என்று வைத்துக்கொள்வோம். இடம் வலமாக நகர்ந்து, விளிம்பு உச்சியை எங்கே வெட்டுகிறதோ அதைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகே முன்னே பின்னே. கிட்டத்துத் தூணின் அகலம் தூரத்து இடைவெளியில் எத்தனை பங்கு என்று ஸ்டில்லை போனில் பெரிதாக்கி அளந்து, அந்த விகிதம் வரும்வரை நடங்கள். லென்ஸைத் தீர்மானிப்பது கடைசி. பலர் முதலில் லென்ஸை வைத்து, படம் நிரம்பும் தூரத்தில் நின்றுவிடுகிறார்கள். எல்லாம் உள்ளே இருக்கும், எதுவும் பொருந்தாது.

கேமராவின் உயரத்துக்கு எதிர்க்கரைக் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு ஒருவரின் மார்பை வெட்டினால் கேமரா ஏறத்தாழ அவர் மார்பு உயரத்தில் இருந்தது. தலைக்கு மேலே போனால் கேமரா மேல்படியில் இருந்தது. ஒரு படி இறங்கினாலும் இது மாறும், அதனால் முக்கால் அடி வரை நம்பலாம்.

வெளிச்சம்: படித்துறைகள் கிழக்கு நோக்கியவை. மார்ச் தொடக்கத்தில் உதயம் 6.20 வாக்கில். ஆறு மணி தாண்டியதுமே வேலை செய்யும் அளவு வெளிச்சம் வந்துவிடும்: ஐஎஸ்ஓ 1600, எஃப் 2, 1/60. பிற்பகலில் கட்டடங்களின் நிழல் படிகளை மூடிவிடும். அது முகங்களுக்கு நல்ல நேரம், சட்டக ஒப்பீட்டுக்கு உதவாது.

ஒற்றைப்பை:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. அபுவின் அப்பா ஹரிஹர் இறக்கும்போது புறாக்கூட்டம் எழும் காட்சிக்கு ஷட்டர் 1/1000 போதுமா? சிதை எரியும் மணிகர்ணிகா கட்டத்தில் தூரத்திலிருந்து எடுக்கலாமா?

மஞ்சள் ஃபில்டர்:

1/1000 வைத்தால் இறகு இறகாகத் தெரியும், சினிமாவாகத் தெரியாது. நொடிக்கு 24 சட்டகம் ஓடும் கேமராவில் ஒரு சட்டகம் ஒளி வாங்குவது சுமார் 1/48 நொடி. அந்தக் காட்சியை நிறுத்திப் பாருங்கள், சிறகுகள் கரைந்த கோடுகளாக இருக்கும். 1/50 வையுங்கள். காலை ஏழு மணி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11-இல் சமாளிக்கலாம். எட்டுக்கு மேல் வெளிச்சத்தைக் குறைக்கும் 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் வேண்டும். 400 ஃபிலிமில் இது நடக்காது. ஹெச்பி5-ஐ விடியலுக்கும் சந்துகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புறாக்களை விரட்டி எழுப்ப வேண்டாம், தானியம் போடும் நேரத்தில் தானாகவே பத்துத் தடவை எழும்.

படித்துறை:

மணிகர்ணிகாவிலும் அரிச்சந்திர கட்டத்திலும் கேமராவைப் பைக்குள் வையுங்கள், படகிலிருந்தும் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள். "காசு கொடுத்தால் எடுக்கலாம்" என்று யாராவது வந்தாலும் நகர்ந்துவிடுங்கள், அப்படி அனுமதி கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. விசுவநாதர் கோயிலுக்குள் போனும் கேமராவும் கொண்டுபோக முடியாது, அன்று அறையிலேயே விட்டுவிட்டுப் போவது லாக்கர் வரிசையைவிட நல்லது.

பதில்: டேங்க் ரீல்

ஃபிலிமை ஊருக்குக் கொண்டுவந்து கழுவுங்கள். ஸ்டேஷன் எக்ஸ்ரேயில் 400 ஃபிலிம் ஓரிரு தடவை போனால் பெரிய பாதிப்பு இல்லை, இருந்தாலும் ரோல்களைத் தனிக் கவரில் வைத்துக் கையில் காட்டிக் கேளுங்கள். திரும்ப விமானத்தில் வருவதாக இருந்தால் செக்-இன் பையில் மட்டும் போடாதீர்கள், அந்த ஸ்கேனர் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும்.

ஹெச்பி5-க்கு ஐடி-11 டெவலப்பர் (படத்தைத் துலக்கும் கரைசல்), 1+1 கலவையில் (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்), 20 டிகிரியில் 13 நிமிடம். சென்னையில் மார்ச், ஏப்ரலில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். ஐஸ் பையைச் சுற்றி வைத்து 24-க்கு இறக்கினால் சுமார் 9 நிமிடம், அது போதும். 1+1 ஆக்காமல் அப்படியே ஊற்றினால் அந்த வெப்பத்தில் நேரம் ஐந்து நிமிடம், அதற்கும் கீழே என்று போகும், டெவலப்பர் சீராகப் பிடிக்காமல் வானத்தில் பட்டை விழும். டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் மூன்றும் இரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து நேராக 30 டிகிரி குழாய்க்குக் காட்டினால் படலம் சுருங்கிப் படத்தின் துகள்கள் கரடுமுரடாகும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில், தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிய ஒரு சொட்டு வெட்டிங் ஏஜென்ட் விட்டு. போர்வெல் தண்ணீரில் அலசி மாட்டினால் உப்புக்கறை கங்கையின் வானத்தில் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும், ஸ்கேன் செய்த பிறகு ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டியிருக்கும்.