ஹாம்லிப் சோர்ஸிலிருந்து பில்டு: லைப்ரரி கிடைக்கவில்லை

கேள்வி: டெபியன் லினக்ஸில் ஹாம்லிப் 4-ஐ (கணினியிலிருந்து ரேடியோவைக் கட்டுப்படுத்தும் லைப்ரரி) கம்பைல் செய்து, மேக் இன்ஸ்டாலும் முடிந்தது. அதோடு வரும் ரிக்சிடிஎல் கட்டளையை ஓட்டினால் 'லிப்ஹாம்லிப்.எஸ்ஓ.4'-ஐத் திறக்க முடியவில்லை என்கிறது. ஏன்?

பதில் 1: பில்டில் கோளாறு இல்லை. லைப்ரரி /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் போய் உட்கார்ந்திருக்கும். புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் லோடரின் கேஷுக்கு அது இன்னும் தெரியாது. அந்தக் கேஷைப் புதுப்பிக்க 'சூடோ எல்டிகான்ஃபிக்' ஒருமுறை ஓட்டுங்கள், போதும்.

பதில் 2: டெபியனின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் வழியாக வந்த பழைய ஹாம்லிப்பும் இருந்தால் குழப்பம்தான். எந்த லைப்ரரி பிடிபடுகிறது என்று எல்டிடி கட்டளை காட்டிவிடும். ரேடியோவைச் செருகும் முன் 'ரிக்சிடிஎல் -எம் 1' போடுங்கள். அது டம்மி ரிக், அதாவது சோதனைக்கான போலி ரேடியோ. சின்ன எஃப் அடித்தால் அலைவெண் வரணும்.

கேட்டவர்: 145000000 வந்துவிட்டது அண்ணே! நிஜ ரேடியோவில்தான் 'பெர்மிஷன் டினைட்'.

பதில் 2: சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில் உங்கள் யூசரைச் சேருங்கள். லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் பலிக்கும். சூடோ போட்டு ஓட்டிப் பழகாதீர்கள்.