இருண்ட படிக்கட்டுப் பாதை: காவல் துறையா, நகராட்சியா?

கேள்வி:
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். டாக்சி நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டுப் பாதையில் மூன்று விளக்குகள் எரியாததால், இரவுப் பணி முடிந்து வரும் பெண்கள் கைப்பேசி வெளிச்சத்தில் நடக்கிறார்கள். காவலர்களிடம் சொன்னால் நகராட்சியைக் கைகாட்டுகிறார்கள். இருவரையும் ஒன்றாக அமரவைக்க வழி உண்டா?

பதில் 1:
உண்டு, அக்கா. காவல் துறை தேசிய அரசின் கீழும் தெருவிளக்கு நகராட்சியின் கீழும் இருப்பதால்தான் இந்த அலைக்கழிப்பு. 1995ஆம் ஆண்டின் காவல் சட்டம் காவல் நிலையங்களில், காவலர்களும் பகுதி மக்களும் கூடிப் பேசும் சமூகக் காவல் மன்றங்களை அமைக்கச் சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்கு வார்டு உறுப்பினரையும் அழைத்து, விளக்குக் கம்பத்தின் எண்ணோடு முறையீட்டை எழுத்தில் கொடுங்கள். கம்ப எண் இல்லாத புகார் எளிதில் கிடப்பில் போய்விடும்.

பதில் 2:
விளக்கு அவசியம்தான்; ஆனால் வன்முறையில் பெரும்பகுதி கதவுக்கு உள்ளே நடக்கிறது. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி வன்முறை செய்பவரைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணையை நீதிமன்றத்தில் கோரலாம். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் இணையவழி விண்ணப்பத்துக்கும் வழிசெய்தது. 0800 428 428 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் சமூகப் பணியாளர்களிடம் பேசலாம். நகராட்சி நூலகத்திலும் மருத்துவ நிலையத்திலும், குறிப்பாகப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில், அந்த எண்ணை ஒட்டும்படி மன்றத்தில் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. கம்ப எண்களை இன்று மாலையே குறித்து வருகிறேன்.