3 வருடமாகப் பூக்காத டென்ட்ரோபியம் அனோஸ்மம், இப்போது இலையும் கொட்டுகிறது

ஆயர் ஈத்தாம் பால்கனி (டிசம்பர்)
வணக்கம். பினாங்கில் அடுக்குமாடியில் 8-வது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. அனோஸ்மம் ஆர்க்கிட்டைத் தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தண்டுகள் 4 அடிக்கு வளர்ந்தும் ஒரு பூ இல்லை. போன டிசம்பரில் இலை மஞ்சளித்தது. பயந்துபோய்க் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன், வாராவாரம் உரமும் தெளித்தேன். கணுக்களில் குட்டிச் செடிகள்தான் முளைத்தன. இந்த வருடமும் அதே மஞ்சள். நேற்று கூட்டும்போது மட்டும் 14 இலை. பூஞ்சை மருந்து அடிக்கலாமா? அம்மா ஆசையாக வாங்கித் தந்த செடி, விட மனசில்லை.

பட்டர்வொர்த் தோட்டம்
தங்கச்சி, மருந்து வேண்டாம். தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து, இலையில் கரும்புள்ளியோ அழுகலோ இல்லையென்றால் அது நோயே இல்லை. இந்த இனம் வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு, மொட்டைத் தண்டில்தான் பூக்கும். அந்த நேரத்தில் தண்ணீரும் நைட்ரஜனும் விடாமல் கிடைத்தால், பூவாக வேண்டிய கணு குட்டியாகிவிடும். போன வருடம் உங்களுக்கு நடந்தது அதுதான்.

இன்றோடு உரத்தை நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை, காலையில், லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். தண்டு கொஞ்சம் சுருங்கினாலும் பதற வேண்டாம். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு நடக்கும்போது கால் சுடுமே, அந்தக் காய்ச்சல்தான், அதாவது வறட்சிதான், இதற்குத் தேவை. முக்கியமாக, மொட்டையாக நிற்கிறதே என்று தண்டை வெட்டிவிடாதீர்கள்!

செந்தூல் வாசி
அண்ணன் சொல்வது சரி. இங்கே கோலாலம்பூரில் டிசம்பரிலும் மழை விடாது, அதனால் நான் கார் போர்ச் கூரைக்கு உள்ளே தள்ளித் தொங்கவிடுகிறேன். அக்கா, இதை எல்லா டென்ட்ரோபியத்துக்கும் செய்துவிடாதீர்கள். சாலையோர மரங்களில் வெள்ளையாகப் பூக்கும் புறா ஆர்க்கிட் இருக்கிறதே, அதற்குக் காய்ச்சல் உதவாது. பெருமழையில் சட்டென்று குளிர்ந்தால், ஏறக்குறைய 9 நாளில் ஊரிலுள்ள செடியெல்லாம் ஒன்றாகப் பூக்கும், ஒரே நாளில் வாடிவிடும்.

ஆயர் ஈத்தாம் பால்கனி (பிப்ரவரி)
இலை முழுக்கக் கொட்டிவிட்டது. தண்டைச் சுற்றி வெள்ளைக் காகிதம் மாதிரித் தோல். அதைக் கிழித்துக்கொண்டு 5 கணுக்களில் பச்சையாக ஏதோ தெரிகிறது. பூவா, குட்டியா? தண்ணீர் விடலாமா?

பட்டர்வொர்த் தோட்டம்
கூராக நீண்டு இலை விரிந்தால் குட்டி, பிறகு அடியில் வேரும் வரும். உருண்டு திரண்டு, ஒன்றோ இரண்டோ சேர்ந்து வந்தால் மொட்டு. நன்றாக உருளும்வரை பொறுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் குட்டியாகிவிடும். புதுத் தளிர் வேர் விட்ட பிறகு வழக்கம்போல் தண்ணீரும் உரமும் கொடுக்கலாம்.

ஆயர் ஈத்தாம் பால்கனி (மார்ச்)
அண்ணா, பூத்துவிட்டது! 4 கணுக்களில் 7 பூ. இளம் ஊதா இதழ், நடுவில் கரும் ஊதா, உதடு மாதிரி நீண்ட நடு இதழ் முழுக்கப் பூனை ரோமம் மாதிரி. அனோஸ்மம் என்றால் மணமில்லாதது என்று படித்தேன். காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால் சமையலறைவரை ராஸ்பெரி வாசம். அம்மா நாற்காலியை அங்கேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். 5-வது கணுவில் மட்டும் குட்டி வந்திருக்கிறது. வேர் 2 அங்குலம் ஆனதும் பிரித்துக் கட்டி, செந்தூல் தம்பிக்கோ உங்களுக்கோ தருகிறேன், யாருக்கு வேண்டும்?