மறு: உலகாக்கமா, திணைப்புனைவா, வேறா? (ஊதைநாட்டு வரைபடம் தொடர்பாக)

நண்பர்களுக்கு வணக்கம்.

கோபித் தம்பி தன் கற்பனையில் உருவாக்கி அனுப்பிய ஊதைநாட்டின் வரைபடத்தையும் அதற்கு வந்த மடல்களையும் ஒரே மூச்சில் வாசித்தேன். இல்லாத ஒரு நாட்டுக்கு மலை, ஆறு, காற்று, மக்கள், சாமி, சுங்கம் என்று எல்லாவற்றையும் யோசித்து உருவாக்கும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. மாணவர் கையேட்டில் தம்பி இப்போதைக்கு 'வேர்ல்டுபில்டிங்' என்று போட்டிருக்கிறார். பேச்சில் அது புழங்கட்டும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைப்பிலும் பயிற்சிப் பகுதியிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் வேற்றுமை உருபு ஏற்க வேண்டும், அதிலிருந்து வினை பிறக்க வேண்டும், செய்பவருக்கும் ஒரு பெயர் கிடைக்க வேண்டும். முன்மொழிந்த சொற்களை இந்த மூன்றையும் வைத்தே பார்க்கிறேன்.

> உலகாக்கம் போதுமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் செய்தித்தாள் படிக்கிற யாரும் இதை உலகமயமாக்கல் என்பதன் குறுக்கமாகவே எடுத்துக்கொள்வார்கள். 'திருப்பூரும் உலகாக்கமும்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பனியன் ஏற்றுமதி என்றுதானே. தவிர, எதற்கெடுத்தாலும் '-ஆக்கம்' ஒட்டும் பழக்கத்தை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நம் குழுவின் பட்டியலிலேயே பாதிச் சொற்கள் அப்படித்தான் முடிகின்றன.

> உலகப் புனைவு?

முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் உலக சினிமா, உலக இலக்கியம் என்று பழகிய கண்ணுக்கு இது வெளிநாட்டு நாவல்கள் என்று படும். நூலகத்தில் அந்தப் பெயரில் ஒரு அலமாரி வைத்தால் ரஷ்ய மொழிபெயர்ப்புகளைத்தான் அடுக்குவார்கள்.

> உலகம் கட்டுதல் என்று நேராகச் சொல்லலாமே.

வீடு கட்டலாம், அணை கட்டலாம். நம் ஊரில் 'கதை கட்டுறான்' என்றால் பொய் சொல்கிறான் என்று பொருள், கட்டுக்கதையும் அந்த வழிதான். புனைதல் என்ற வினைக்கு அந்த வாடை குறைவு. மாலை புனைவார்கள், வேடம் புனைவார்கள், கவிதை புனைவார்கள். கைவேலையும் கற்பனையும் சேர்ந்த வினை அது. எனக்கு வேண்டியது அதுதான்.

> தம்பி வரைந்திருப்பது ஒரு மலைத்தொடர், ஒரு சமவெளி, ஓர் ஆறு. இதைப் போய் உலகம் என்பது மிகை. நாடு என்று வரும்படி ஒரு சொல் பாருங்கள்.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். உலகம் என்றால் முழுப் பூமி என்று நம் காதில் ஏறியிருக்கிறது. தொல்காப்பியம் அப்படிப் பார்க்கவில்லை. 'மாயோன் மேய காடுறை உலகமும் சேயோன் மேய மைவரை உலகமும்' என்று ஒவ்வொரு நிலப்பகுதியையும் தனித்தனியே உலகம் என்றுதான் சொல்கிறது. காடு ஓர் உலகம், மலை ஓர் உலகம், வயல் ஓர் உலகம், கடற்கரை ஓர் உலகம். அதனதற்கு ஒரு தெய்வம். ஊதைநாடு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் உலகம் என்ற சொல் அதற்குத் தாராளமாகப் பொருந்தும். நாடு என்பதில் எனக்கு வேறு தயக்கமும் உண்டு. கொங்கில் நாடு என்றால் பூந்துறை நாடு, காங்கேய நாடு, பொங்கலூர் நாடு என்று பழைய 24 நாட்டுக் கணக்கு உடனே நினைவுக்கு வரும். பேச்சு அங்கே போய்விட்டால் திரும்பி வராது.

> திணைப்புனைவு அல்லது கருப்பொருளாக்கம். நமக்கென்று இருக்கும் கோட்பாட்டை விட்டுவிட்டு ஏன் வெளியே தேட வேண்டும்?

தாராபுரத்து ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அடுக்கிய கருப்பொருள் பட்டியலைவிட நல்ல பயிற்சித்தாள் மாணவர்களுக்குக் கிடைக்காது. கையேட்டில் அதை அப்படியே சேர்க்க வேண்டும். ஆனால் பெயராக வைக்கும்போது சிக்கல். உயிரியலில் திணை என்றால் விலங்கு, தாவரம் என்ற பெரும்பிரிவு, இலக்கணத்தில் உயர்திணை, அஃறிணை. மூன்றாவதாக ஒரு சுமையை அந்தச் சொல் தாங்காது. கருப்பொருளை இன்று கதையின் மையக்கருத்து என்ற பொருளில் எழுதுகிறோம். 'இந்த நாவலின் கருப்பொருளாக்கம்' என்று எழுதினால் ஆசிரியர் என்ன சொல்ல வந்தார் என்றுதான் தேடுவார்கள்.

என் முன்மொழிவு: உருவான பொருளுக்குப் புனையுலகு, செய்யும் வேலைக்கு உலகு புனைதல், செய்பவர் உலகு புனைவோர். புனையுலகு வினைத்தொகை. புனைந்த உலகு, புனைகின்ற உலகு, புனையும் உலகு மூன்றும் அதில் அடங்கும். இந்த வேலை என்றைக்கும் முடியாது என்பது தம்பிக்கே தெரியும், வரைபடத்தின் ஏழாவது திருத்தத்தை அனுப்பியிருக்கிறார். புனையுலகில், புனையுலகத்தார், புனையுலக வரைபடம் என்று எங்கே போட்டாலும் உடையாமல் நிற்கிறது.

சரி, சொல்லை விட்டுவிட்டு வரைபடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சொல்விவாதத்துக்கு நடுவே அதைப் பற்றி வந்த இரண்டு மறுப்புகளும் தவறு என்று நினைக்கிறேன்.

முதல் மறுப்பு, வரைபடத்தில் உள்ள வளையாறு பற்றியது. மலையில் பிறந்து மேற்கே இறங்கி, பிறகு வளைந்து கிழக்கே திரும்பிச் சமவெளிக்கு வருகிறது, இப்படி ஓர் ஆறு இருக்க முடியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். பவானி என்ன செய்கிறது? நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், அட்டப்பாடி வழியாகத் திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வந்து, பவானி ஊரில் காவிரியோடு சேர்கிறது. 'ஆறுகள் சேரும், பிரியாது' என்ற விதியும் அதே மடலில் இருந்தது. இணையத்தில் கிடைக்கும் உலகு புனைதல் குறிப்புகளில் இது வேதவாக்கு மாதிரி வரும். மலையிலும் மேட்டுநிலத்திலும் பெரும்பாலும் சரிதான். ஆனால் முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதைப் பார்த்த நாம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஆறு எங்கே பிரியும், ஏன் பிரியும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். ஒரு சின்ன யோசனை: ஆறுகள் சேருமிடத்தைத் தம்பி 'சங்கமம்' என்று குறித்திருக்கிறார். பவானிக்காரர்கள் சொல்லும் கூடுதுறை இருக்கும்போது அது எதற்கு?

இரண்டாவது மறுப்பு, ஊதைநாட்டின் மலைத்தொடரான மூடுமலைக்குக் கிழக்கே திடீரென்று வறண்ட நிலம் வருவது செயற்கையாக இருக்கிறதாம். வால்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கும் உடுமலைப் பக்கம் 600, 700 மி.மீ. கிடைத்தால் அதுவே நல்ல ஆண்டு. தென்மேற்குக் காற்று ஈரத்தை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு மலையைத் தாண்டி வருவதுதான் காரணம். மழைமறைவு என்று பாடப்புத்தகத்தில் படித்ததை நாம் வீட்டுவாசலில் நின்று பார்க்கிறோம்.

ஆனால் தம்பி ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார். அவர் மலைச்சுவரில் காற்றுவாய் என்று ஒரு கணவாய் வைத்திருக்கிறார். நல்லது. அது நாட்டுக்கு என்ன செய்கிறது? வரைபடத்தில் வெறும் ஓட்டையாக இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலம், கடல்மட்டத்திலிருந்து 140 மீட்டர் உயரம்தான், இரண்டு பக்கமும் 2000 மீட்டரைத் தாண்டும் மலைகள். அந்த ஒரு திறப்பு இல்லாவிட்டால் ஆடிக்காற்று இப்படி அடிக்காது, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்காது. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கரூர் வரை போன பழைய பெருவழியும் இருந்திருக்காது. அந்த வழியில், நொய்யல் கரையில், கொடுமணலில் மணிக்கல் வேலையும் இரும்பு உருக்கும் வேலையும் நடந்திருக்கின்றன. கொங்கு மண்ணில் ரோமானியக் காசுகள் இவ்வளவு கிடைப்பதற்கும் அந்த வழிதான் காரணம். ஆகவே ஊதைநாட்டில் காற்றுவாயிலிருந்து ஒரு பெருவழி கிழக்கே போக வேண்டும். அதன்மேல் ஊர்கள் வர வேண்டும், அதில் போகும் சரக்கை யார் செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். கணவாயில் வாழும் கடவுக்குடி மக்கள் சுங்கம் வாங்குகிறார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறது. எதற்குச் சுங்கம்? எந்தச் சரக்குக்கு?

இதிலிருந்து அடுத்த சொல்லுக்குப் போகலாம். மக்கள் வகைகளுக்கு 'இனம்' என்று எழுதியதைத் தம்பி 'குடி' என்று மாற்றியிருக்கிறார். நான் ஆதரிக்கிறேன். இனம் என்றால் ரத்தம், நிறம், மூக்கு என்று பேச்சு போய்விடுகிறது. குடி என்றால் குடியேற்றம், குடியிருப்பு என்று இருக்கும் இடத்தோடு சேர்ந்து வருகிறது, கொங்கில் குடியானவர் என்றால் உழவர். நிலத்தை முதலில் வைத்து மக்களை யோசிக்கிற வேலைக்கு அதுதான் பொருத்தம்.

ஆனால் ஊதைநாட்டின் நான்கு குடிகளும் அவரவர் இடத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். உச்சிக்குடி மலைமேல், உலைக்குடி சரிவில், கடவுக்குடி கணவாயில், மந்தைக்குடி சமவெளியில். ஒருவரிடம் ஒருவருக்கு வேலையே இல்லை, சண்டை மட்டும் இருக்கிறது. நீலகிரியில் பழைய ஏற்பாடு அப்படியா இருந்தது? தோடர் எருமை வளர்த்தார்கள், நெய் அவர்களிடமிருந்து வந்தது. கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்தார்கள், மற்றவர் வீட்டுச் சாவுக்கும் அவர்கள் இசைதான். படகர் தானியம் கொடுத்தார்கள். குறும்பர் தேன் கொடுத்தார்கள், மந்திரக் காப்பும் கொடுத்தார்கள், அதற்காகவே அவர்களைக் கண்டு மற்றவர்களுக்குப் பயமும் இருந்தது. ஒருவர் இல்லாமல் ஒருவர் சாவுச்சடங்கைக்கூட முடிக்க முடியாது. கதைக்கு வேண்டிய உரசல் அங்கேதான் இருக்கிறது.

அதற்காகத் தோடரை எடுத்துப் பெயரை மாற்றி உச்சிக்குடி என்று வைத்துவிடாதீர்கள். அவர்கள் இன்றும் ஊட்டியில் வாழும் மக்கள், யாருடைய கற்பனைக்கும் கச்சாப்பொருள் இல்லை. கொடுக்கல் வாங்கல் நடந்த விதத்தை மட்டும் கற்றுக்கொள்ளலாம்.

மந்தைக்குடிக்கு என்னால் ஆன உதவி: எங்கள் காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை குறைந்த மண்ணில் மாடு பிழைக்கக் கண்டுபிடித்த வழி அது. கிளுவை உயிருள்ள வேலி, வெட்டி நட்டால் துளிர்க்கும். எல்லைத் தகராறுக்கு இதைவிட நல்ல கருவி ஒரு கதாசிரியருக்குக் கிடைக்காது, வேலி ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்துகொண்டே இருக்கும்!

அன்புடன்,
காங்கேயத்திலிருந்து

---

அண்ணா, மடலுக்கு நன்றிங்க.

புனையுலகு எனக்குச் சரிங்க. 'உலகு புனைவோர்' மட்டும் செய்யுள் மாதிரி இருக்கிறது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'புனையுலகர்' என்று போடலாமா? காற்றுவாயிலிருந்து பெருவழி போட்டுவிட்டேன். அதன்மேல் உலைக்குடிச் சந்தை ஒன்று வருகிறது. கிளுவையை மந்தைக்குடிக்குக் கொடுத்துவிட்டேன்.

கோபி

---

தம்பி,

புனையுலகர் என்றால் அந்த உலகில் வாழ்கிறவர் என்று படும், உச்சிக்குடிக் கிழவியும் புனையுலகர் ஆகிவிடுவாள். 'உலகு புனைபவர்' என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள். தாராபுரத்து ஐயாவுக்கு மறுப்பு இல்லையென்றால் புனையுலகு, உலகு புனைதல், உலகு புனைபவர் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம், கருப்பொருள் பட்டியல் கையேட்டின் இரண்டாம் பயிற்சியாக வரட்டும்.

அப்புறம், உப்பு ஊதைநாட்டுக்குள் காற்றுவாய் வழியாகத்தான் வருகிறது என்றால், உச்சிக்குடி அதற்குப் பதில் கடவுக்குடிக்கு என்ன கொடுக்கிறார்கள்? அதை எழுதி அனுப்புங்கள்.